மேடை எழுப்பிய வினா

நுழையும்முன்

சமூகம் பேசத் தயங்குவதை மக்கள்முன் பேசும் ஆற்றல் நாடகத்திற்கு உண்டு. நந்தனார் கதை அதற்குச் சான்று.

கொள்ளிடக்கரை ஆதனூரில் புலையர் குடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் வழங்கிய அவர், கோயிலுக்குள் நுழைய இயலவில்லை. ‘நாளைப் போவேன்’ என்றே தில்லைப் பயணத்தைத் தள்ளிவைத்ததால் திருநாளைப்போவார் எனப்பட்டார். இறுதியில் தில்லையில் தீயுள் புகுந்து முனிவராய் எழுந்தார் என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டையாகிய வேதியர் இடம்பெற்றார். தில்லை செல்ல அனுமதி வேண்டும் பண்ணையாளும் மறுக்கும் ஆண்டையும் எதிரெதிரே நின்றனர். பக்திக் கதைக்குள் மறைந்திருந்த அடிமைத்தனம் வெளிப்பட்டது.

மேடைக்கு வெளியிலும் அக்கதை செயல்பட்டது. கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய பள்ளி நந்தனார் பெயரையே தாங்கியது.

1978இல் வெளிவந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் தீயைப் பற்றியே வினவியது. அதில் நந்தனைத் தீக்கு அனுப்புவது இறையருள் அன்று. ஆதிக்கம் செலுத்துவோரின் சூழ்ச்சி.

அன்பில் குறையாத அடியவருக்குத் தீயால் தூய்மை எதற்கு? இவ்வினா பக்தியைப் பழிப்பதன்று. நந்தனாரை வணங்கும் சமூகம், அவரை வாயிலில் நிறுத்தியவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.