கடற்பாறையும் வண்ணப்படமும்

கரிசல் நிலம் பரந்த விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும், அம்மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளிலே அலைமோதும் பாறைகளைக் காணலாம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டுகளின் தேவையே அவ்வூரில் அச்சுத்தொழிலை வளர்த்தது. கடலையே கண்டறியாத சிற்றூர்ச் சிறுவனும் வீட்டுச் சுவரிலே கடலைக் காண்கிறான். அக்காட்சி எவ்வாறு அங்கு வந்து சேர்கிறது?

தமிழ்நாட்டுக் கடற்கரையின் பெரும்பகுதி மணற்பாங்கானது. கடலோரத்திலே பாறைகள் ஓங்கி நிற்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். அங்கே செம்மண் மேடு கடலை நோக்கிச் சரிகிறது. அதன் அடியிலே பெரும்பாறைகள் அலைகளை எதிர்த்து நிற்கின்றன. பாறைகளின் இடையே கடல்நீர் புகுந்து புகுந்து மீள்கிறது. மேட்டின்மேல் கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு.

இத்தகைய இடத்தைப் புகைப்படம் எடுப்போர் முதலில் ஒளியின் இயல்பை அறிதல் வேண்டும். உச்சிவெயிலில் நிழல்கள் சுருங்குவதால் பாறை தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் கதிரொளி சாய்ந்து விழும்போது, பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் மடிப்பும் தெளிவாகப் புலப்படும். அடுத்து அறியத்தக்கது அலையின் விரைவு. ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரமே கருவிக்குள் ஒளியை விட்டால், சிதறும் துளிகள் அந்தரத்தில் நின்றாற்போலப் பதியும். கருவியை அசையாது நிறுத்தி, 2 நொடி ஒளியை விட்டால், அதே அலை பனிமூட்டம் போலத் தோன்றும். அருகே ஒரு படகு அமைந்தால் பாறையின் உயரமும் விளங்கும்.

இவை யாவற்றினும் முதன்மையானது எச்சரிக்கை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் பேரலைகளை உண்டாக்கும். அவ்வலைகள் நெடுந்தொலைவு கடந்து, காற்றே வீசாத நாளிலும் கரையைத் திடீரெனத் தாக்கும். கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். அறிவியலாரும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டனர். 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், அம்மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், மருத்துவம் பயின்ற ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் பற்றிய அறிவிப்பு முன்னரே வெளியாகியிருந்தது. பாறை நனைந்திருப்பின், அலை அங்கு ஏறியது என்பதே பொருள். ஆதலின் அறிவுடையோர் அறிவிப்பை உசாவுவர். எட்ட நின்று நெடுநேரம் அலையை நோக்கிய பின்னரே இடம் தேர்வர். கடலுக்கு முதுகு காட்டார்.

எடுத்த படம் அச்சகத்திற்கு வந்ததும், நீலம், செவ்வூதா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு தகடு உண்டு. நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நுண்புள்ளிகளைப் பதிக்கின்றன. கண் அவற்றைக் கலந்து கடலாகக் காண்கிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிந்தால் புள்ளிகள் பொருந்தா. பாறையின் விளிம்பு மங்கிவிடும். ஆகவே, மழை குறைந்த சிவகாசியின் வறண்ட காற்று இத்தொழிலுக்கும் துணை நிற்கிறது.

நீரற்ற காற்றிலே கடல் உருப்பெறுவது வியப்பன்றோ! பொறுமை, தொழில் நுட்பம், அடக்கம் என்னும் மூன்றும் கூடியே அப்படம் சுவரை அணிசெய்கிறது. தவறிய படத்தை மறுநாளும் எடுக்கலாம். தவறிய உயிரை மீட்டல் இயலாது.