நம் வீட்டு முகங்கள்: உருவப்படக் கலையில் ஒரு தொடக்கப் பாடம்

வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் நாள்தோறும் பல முகங்களைச் சிறிய வடிவில் பார்க்கிறோம். கணக்குத் தொடங்கும் படிவத்தின் மூலையில் 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள கட்டம் ஒன்று இருக்கும். அதில் ஒட்டப்பட்ட முகம், எதிரே நிற்பவரின் முகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் நினைத்ததில்லை. சுனாபட்டியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சிதான் நினைக்க வைத்தது.

விடியற்காலையில் இட்லி அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த மூதாட்டி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் மறைந்த பின், நியமனதாரரான மகள் இறப்புச் சான்றிதழுடன் வந்தார். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன, தொகை வழங்கப்பட்டது. எழுந்தவர் தயங்கி நின்றார்.

"சார், அம்மாவோட பாஸ்புக்கை நானே வச்சுக்கலாமா? வீட்டுல அம்மா படம்னு இது ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் படத்தின் கன்னத்தின் குறுக்கே எங்கள் கிளையின் முத்திரை ஊதா நிறத்தில் விழுந்திருந்தது. மாலையிட்டு மாட்டுவதற்காக அதைப் பெரிதாக்கக் கேட்டாராம். முத்திரையை அழித்தபோது கன்னமும் சேர்ந்து அழிந்துவிட்டதாம். அவருடைய கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், ஊர்க் கோயில் கொடை, கடற்கரை என அனைத்தும் இருந்தன. அம்மாவோ அவற்றில் பின்வரிசையில், பாதித் தோளும் பாதி முகமுமாகவே இருந்தார். கணக்கு முடிந்ததற்கான குறியிட்டுப் பாஸ்புக்கை அவரிடமே தந்தோம். எங்களால் இயன்றது அவ்வளவுதான்.

அன்றிரவு எங்களில் பலர் தத்தம் கைபேசிகளைத் திறந்து, பெற்றோரின் படம் ஒன்றேனும் ஒழுங்காக இருக்கிறதா என்று தேடினோம். பலருக்கும் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அந்தத் தேடலிலிருந்து பிறந்தது.

யாரை எடுப்பது?

உருவப்படம் என்றவுடன் அழகிய இளம் முகங்களையும், பயணத்தில் காணும் அயலார் முகங்களையும் நாடுவது இயல்பு. ஆனால் கற்பதற்கு ஏற்றவர் நமக்கு அருகில் இருப்பவரே. 1913இல் நவசாரியில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்ற ஹோமாய் வியாரவாலா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராக அறியப்படுகிறார். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், தொடக்க காலத்தில் தம்முடன் பயின்ற தோழியரையே படமெடுத்துப் பழகினார். அருகிலிருப்பவர் நமக்காகச் சற்றுப் பொறுத்திருப்பார், மறுநாளும் கிடைப்பார்.

அனுமதி என்னும் முதற்படி

கையொப்பமின்றி ஒருவர் கணக்கில் நாங்கள் கை வைப்பதில்லை. முகத்துக்கும் அதே நெறி பொருந்தும். தாராவி வாசிகளிடம் கேட்டால் தெரியும்: வெளியிலிருந்து வருவோர் கேட்காமல் எடுத்துச் சென்ற படங்கள் ஏராளம், அப்படத்தில் இருப்பவர் கைக்கு வந்தவை அரிது. அதனால்தான் தாராவியைச் சுற்றிக் காட்டும் நிறுவனங்களில் சில, வருகையாளர் படமெடுக்கக் கூடாது என்றே விதி வைத்துள்ளன. வாய்மொழியாகக் கேளுங்கள், எதற்காக எடுக்கிறோம், எங்கே வைக்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். குழந்தையாயின் பெற்றோரைக் கேளுங்கள். மறுத்தால் வணங்கி விலகுங்கள். வீட்டு மூத்தோரிடமும் கேட்கத்தான் வேண்டும். "இந்தக் கிழவியை எதுக்குப்பா?" என்று முதலில் கையை வீசுவார்கள். அடுத்த நாள் புடவை மாற்றிக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒளி: ஒரு கதவு போதும்

சுனாபட்டியிலும் தாராவியிலும் பல வீடுகளுக்கு ஒரு கதவு, ஒரு சன்னல் மட்டுமே உண்டு. உருவப்படத்துக்கு அது குறையன்று. ஒரே திசையிலிருந்து வரும் மென்மையான ஒளியைத்தான் படப்பிடிப்பு நிலையங்கள் செலவு செய்து உண்டாக்குகின்றன.

எடுக்கப்படுபவரை வாசலிலிருந்து இரண்டடி உள்ளே அமர்த்துங்கள். முகம் வாசல் பக்கம் சற்றே திரும்பியிருக்கட்டும். ஒளியை மறைக்காமல் நீங்கள் வாசலின் ஓரமாக நில்லுங்கள். குழல்விளக்கை அணைத்துவிடுங்கள், பகல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் முகத்தின் நிறம் கெடும். கைபேசியின் பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது முகத்தைத் தட்டையாக்கிப் பின்சுவரில் கரிய நிழலைப் போடும்.

குறுகிய சந்துகளில் ஒளி மேலிருந்து மட்டும் விழும், கண்குழிகள் இருண்டுவிடும். அப்போது அவரைக் கூரையின் விளிம்புக்கு அடியில், வாசற்படியில் உட்கார வையுங்கள். மடியில் மடித்த வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் அட்டையையோ வைத்தால், ஒளி அதிற்பட்டு முகத்துக்குத் திரும்பும். வெளியில் எடுப்பதானால் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் ஏற்றவை. மழைக்கால மேகமூட்டத்தையும் வீணாக்க வேண்டாம். வானம் முழுவதும் வெள்ளைத் திரை கட்டியது போன்ற ஒளி அது.

இதில் மற்றொரு பயனும் உண்டு. ஓய்வூதியதாரர்கள் நவம்பரில் அளிக்கும் வாழ்நாள் சான்றிதழை, 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்ய இயலும். முகத்தைச் செயலி ஏற்கவில்லை என்று வருந்துவோர், விளக்குக்கு நேர் கீழே நிற்பதை விட்டு, சன்னலைப் பார்த்து உட்கார்ந்து முயன்று பார்க்கலாம்.

தொலைவும் உயரமும்

கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற பரப்பைக் காட்டுவது. ஒரு முழத் தொலைவில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, 2 மடங்கு என்ற அளவைத் தேர்ந்து எடுங்கள். முகம் தன் இயல்பான அமைப்பில் தெரியும். கேமரா வைத்திருப்போர் 50 முதல் 85 மி.மீ. வரையிலான லென்சைப் பயன்படுத்தலாம். துளையளவை எஃப் 2.8க்கும் 4க்கும் இடையிலும், ஷட்டர் வேகத்தை 1/125 நொடியிலோ அதனினும் விரைவாகவோ வைக்கலாம்.

உங்கள் கேமரா அவருடைய கண்ணின் உயரத்தில் இருக்கட்டும். அவர் பாயில் அமர்ந்திருந்தால் நீங்களும் பாயில் அமருங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் பெரியவரும் சிறுத்துப்போவார். குவியம் கண்ணில், குறிப்பாக நமக்கு அருகிலுள்ள கண்ணில், இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவராயின் முகத்தை இம்மியளவு திருப்பச் சொன்னால் பளபளப்பு விலகும். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். நாற்பது ஆண்டு அணிந்த கண்ணாடியும் முகத்தின் பகுதியே.

நிறத்தை மாற்றாதீர்

பல கைபேசிகளில் 'அழகு' என்ற வசதி கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அது சுருக்கங்களை அழித்து, கரிய மேனியை வெளுப்பாக்கும். அதை நிறுத்திவிடுங்கள். பிறகு திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டுங்கள். நெற்றி வெளுத்துத் தெரிந்தால் ஒளியளவைச் சற்றுக் குறையுங்கள். நெற்றியின் கோடுகளும் அடுப்புச் சூட்டில் கறுத்த விரல்களும் அவர் உழைப்பின் கணக்கேடு. அதில் திருத்தம் செய்ய நமக்கு உரிமையில்லை.

பேச்சே பாதிப் படம்

"சிரிங்க" என்று சொன்னால் உதடு மட்டும் விரியும். அதற்கு மாறாக ஒரு கேள்வி கேளுங்கள். மும்பைக்கு முதன்முதலில் எந்த ரயிலில் வந்தீர்கள்? அன்று இட்லி என்ன விலை? பதில் சொல்லத் தொடங்கும்போது முகம் கேமராவை மறக்கும். பேச்சு முடிந்து மௌனமாகும் அந்தக் கணத்தில் எடுங்கள். கைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: பூத்தொடுத்தல், காப்பி ஆற்றுதல், செய்தித்தாளை மடித்தல். இருபது படம் எடுத்து ஒன்றைத் தேர்வதில் தவறில்லை.

பற்றும் வரவும்

வணிகவியலில் நாங்கள் முதலில் கற்றது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒருவரின் முகத்தை எடுத்துக்கொண்டோமெனில், அவருக்கு ஒரு படம் கொடுக்கும் வரை நம் ஏடு சமன்படாது. அதையும் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். கைபேசி பழுதாகும்; எண் மாறும்; அச்சிட்ட படம் சுவரில் இருக்கும். தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிடுவர். 8×12 அங்குலப் படத்துக்கு 2400×3600 புள்ளிகள் வேண்டும். இன்றைய கைபேசிகள் பலவும் இதைத் தருகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும்; அச்சுக் கடைக்கு 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள்.

விழாவில் பங்கேற்றல்

சில படங்கள் சேர்ந்தபின், வீட்டுச் சுவருக்கு வெளியேயும் அவற்றுக்கு இடமுண்டு. மும்பையில் புகைப்படத்துக்கென்றே 'ஃபோகஸ்' என்ற விழா 2013இல் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை என நடத்தப்பட்டது. 1999இல் தொடங்கி ஒன்பது நாள் நடைபெறும் காலா கோடா கலைவிழாவுக்குச் சுனாபட்டியிலிருந்து ஹார்பர் ரயிலில் சி.எஸ்.எம்.டி. சென்று இறங்கி நடந்தே போகலாம். தமிழகத்தில் சென்னைப் புகைப்பட இருபதாண்டு விழா என்று பிழையாகச் சொல்லப்படாத வண்ணம் 'சென்னை போட்டோ பினாலே' என்றே வழங்கும் ஈராண்டு விழா 2016இல் தொடங்கியது. பறக்கும் ரயில் நிலையங்களிலும் படங்களை வைத்துப் பயணிகளைப் பார்வையாளராக்கியது.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த தாராவி பினாலே. ஸ்னேஹா என்னும் மும்பைத் தொண்டு நிறுவனம் நடத்திய அவ்விழாவில், நகர்ப்புற நலவாழ்வு குறித்துத் தாராவி மக்களே கலைஞர்களுடன் சேர்ந்து படைப்புகளை உருவாக்கினர். பிறரால் பார்க்கப்பட்டே வந்த ஓர் ஊர், தன்னைத் தானே காட்டிக்கொண்ட விழா அது.

இத்தகைய விழாக்களுக்கு அனுப்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. தனித்தனி அழகிய படங்களைவிட, ஒரே இழையில் கோத்த ஐந்தாறு படங்கள் வலிமையுடையவை. ஜாம்செட்ஜி டாட்டா 1886இல் தொடங்கிய சுதேசி ஆலை சுனாபட்டியில் இருந்தது, இன்று ஓடவில்லை. ஆலைகளில் உழைத்து முதுமையடைந்த ஐவரின் முகங்கள் ஒரு தொடராகும். மாட்டுங்காவின் பூக்கடைக்காரர்கள் மற்றொரு தொடர்.

2. ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஆண்டு, அனுமதி இருந்தால் பெயர் ஆகியவற்றுடன் இரண்டு வரிக் குறிப்பு எழுதுங்கள். இரக்கம் தேடும் சொற்களைத் தவிருங்கள்.

3. விதிமுறைகளை முழுதும் படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொதுவாகப் படமெடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். பணம் பெற்றுக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் விதி இருந்தால் யோசியுங்கள்.

4. படத்தின் பின்னணியில் ஆதார் அட்டை, பாஸ்புக், காசோலை ஆகியவற்றின் எண்கள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

5. "பரிசு கிடைத்துள்ளது, கட்டணம் செலுத்துங்கள்" என்று வரும் இணைப்புகளை நம்பாதீர்கள். பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஓடிபியையும் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

புதிய கேமராவுக்காக உடனே கடன் வாங்க வேண்டாம் என்பதும் எங்கள் ஆலோசனை. ஓராண்டு கைபேசியில் பழகுங்கள். ஆர்வம் நிலைத்தால், சிறு தொடர் வைப்பு நிதி ஒன்றைத் தொடங்கி, அது முதிரும்போது வாங்குங்கள்.

பெரிய விழா வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1839 ஆகஸ்ட் 19 அன்று புகைப்பட முறை பாரிசில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி, அந்நாள் உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கோ பொங்கலுக்கோ, சந்தின் இரு முனையிலும் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளில் நம் தெரு மூத்தோரின் படங்களைத் தொங்கவிடலாம். விழா முடிந்ததும் அவரவர் படத்தை அவரவரே கழற்றி எடுத்துச் செல்லட்டும். கணக்கு அன்றே சமன்படும்.

இம்மாதப் பயிற்சி

வரும் ஞாயிறு காலை, வீட்டில் மூத்தவர் ஒருவரை வாசலருகே அமர்த்துங்கள். விளக்கை அணையுங்கள். ஆறடி தள்ளி, அவர் கண்ணின் உயரத்தில் அமருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். விடையை முழுதும் கேளுங்கள். எடுத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதே வாரத்தில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள்.

அந்த மகள் பாஸ்புக்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனது எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. முத்திரை விழாத படம் ஒன்று, காலம் இருக்கும்போதே, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.