ஒரு கணக்கு – இரண்டு அட்டைகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

வங்கிக் கணக்கு இல்லாத மாணவர் இன்று நம் கல்லூரியில் ஒருவர்கூட இருக்கமாட்டார். உதவித்தொகை வந்து சேர்வதற்குக் கணக்கு வேண்டும். கட்டணம் செலுத்துவதற்கும் அதுவே வேண்டும். கணக்கோடு கூடவே ஓர் அட்டையும் வந்துவிடுகிறது. டெபிட் கார்டு என்றும், பற்று அட்டை என்றும் அதனைக் குறிப்பிடுவர். எங்கள் ஊர்ப்பக்கம் வெறுமனே ‘ஏ.டி.எம்.’ என்றே சொல்லுவார்கள். ‘அந்த ஏ.டி.எம்மைப் பத்திரமா எடுத்து வை’ என்றால் அது இயந்திரத்தை அல்ல, அட்டையையே குறிக்கும்.

ஒரு கணக்குக்கு ஓர் அட்டைதானா, அல்லது ஒன்றுக்கு மேலும் வைத்துக்கொள்ளலாமா என்று விடுதியில் ஒருநாள் இரவு கேட்டேன். அறையில் இருந்த அறுவரில் ஐவர் ‘முடியாது’ என்றனர். ஆறாமவர் உறங்கிவிட்டார். உண்மையில் முடியும். ‘முடியாது’ என்று நாம் எண்ணுவதற்குக் காரணம், அட்டையே கணக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான். அந்த எண்ணம் எங்கள் வீட்டில் என்ன சங்கடத்தை உண்டாக்கிற்று என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அட்டையைச் சற்று உற்று நோக்குவோம்.

வங்கிப் புத்தகத்தில் உள்ள கணக்கு எண்ணையும் அட்டையில் உள்ள எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. அட்டையின் எண் பெரும்பாலும் 16 இலக்கங்கள் கொண்டது. அதன் தொடக்க இலக்கங்கள் அட்டையை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிப்பன. முன்பு இதற்கு ஆறு இலக்கங்கள் இருந்தன. 2017 இல் பன்னாட்டுத் தரவிதி அதனை எட்டாக விரித்தது. எண் 4 இல் தொடங்கினால் அது விசா அட்டை. ரூபே அட்டைகள் பலவும் 6 இல் தொடங்குவதைக் காணலாம். நடுவில் உள்ள இலக்கங்கள் அந்த ஓர் அட்டைக்கு மட்டுமே உரியவை. கடைசி இலக்கம் இருக்கிறதே, அதுதான் கணித மாணவர்களுக்கு விருந்து. அது யாராலும் விருப்பம்போல் எழுதப்படுவதன்று. முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது.

இம்முறையைக் கண்டவர் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960 இல் அதனைப் பெற்றார். 16 இலக்கங்களை எடுத்துக்கொண்டால் பக்கம் போதாது. 6001234 என்ற ஏழு இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தபின் இரண்டு இலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டி ஓரிலக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும். 4 இரட்டித்து 8. 3 அப்படியே 3. 2 இரட்டித்து 4. 1 அப்படியே 1. இரு பூச்சியங்களும் பூச்சியமே. 6 இரட்டித்து 12, அதாவது 3. கூட்டுத்தொகை 19. இதனை அடுத்த பத்தின் மடங்காக்க 1 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 1. முழு எண் 60012341.

இப்போது யாரோ ஒருவர் அவசரத்தில் 3, 4 என்பதை 4, 3 என்று மாற்றித் தட்டிவிட்டார் என்று கொள்வோம். எண் 60012431 ஆகிறது. அதே முறையில் கூட்டினால் முதல் ஏழு இலக்கங்களுக்கு 18 வருகிறது. கடைசி இலக்கம் 2 ஆக இருந்திருக்க வேண்டும். 1 இருப்பதால் கணினி உடனே ‘தவறு’ என்று சொல்லிவிடும். ஓர் இலக்கம் பிழையானால் இம்முறை தவறாமல் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கண்டுபிடிக்கும். ஆனால் 09 என்பது 90 ஆனால் மட்டும் ஏமாந்துவிடும். ஏன் என்பதை வாசகர்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். இது எழுத்துப் பிழையைக் காக்குமே தவிர, திருடனைக் காக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே வங்கி அதே கணக்குக்கு அடுத்த அட்டையை 6001235 என்று தொடங்கி வெளியிட்டால் அதன் கடைசி இலக்கம் 8. அதாவது 60012341, 60012358 என இரண்டு எண்கள். இரண்டும் சென்று சேரும் இடம் ஒரே கணக்கு. பத்தாம் வகுப்பில் ‘பலவற்றிற்கு ஒன்றான சார்பு’ என்று படித்தோம் அல்லவா? அட்டைகளின் கணத்திலிருந்து கணக்குகளின் கணத்திற்குச் செல்லும் சார்பு அத்தகையதே. நாம் அட்டையை இயந்திரத்தில் நுழைத்ததும் அதன் எண், வலையமைப்பின் வழியே வங்கியின் கணினிக்குச் செல்கிறது. ‘இந்த அட்டை எந்தக் கணக்கினுடையது?’ என்பதை அங்குள்ள பதிவேடு சொல்கிறது.

பூட்டுக்கு இரண்டு சாவிபோல என்று இதனைச் சொல்லிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆயின் ஒரே பூட்டின் இரு சாவிகள் ஒன்றுபோல் இருப்பவை. ஒன்று தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டிவரும். அட்டைகள் அவ்வாறல்ல. எண், காலாவதி நாள், பின்புறத்து மூன்றிலக்க எண், ‘பின்’ என்னும் ரகசிய எண், ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு ஆகிய யாவும் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி. இருப்புத் தொகை ஒன்றுதான் பொது. எனவே ஓர் அட்டை தொலைந்தால் அதை மட்டும் முடக்கலாம். மற்றது பாட்டுக்கு வேலை செய்யும்.

இந்த நான்கிலக்க ரகசிய எண் பற்றி ஒரு சுவையான செய்தி. 1967 ஜூன் 27 அன்று லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரத்தை நிறுவியது. அதனை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு பேரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். அவர் ஆறு இலக்கம் வைக்க எண்ணினாராம். தம் மனைவியால் நான்கைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றதால் நான்காயிற்று என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த இயந்திரத்தில் அட்டையே கிடையாது. கார்பன் 14 தடவிய காகிதச் சீட்டைத்தான் நுழைக்க வேண்டும். இந்தியாவில் இவ்வகை இயந்திரம் 1987 இல் மும்பையில் வந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாட்கள் வெளிமாநிலங்களில் இருப்பார். கணக்கு அவர் பெயரில். அட்டை அவர் சட்டைப்பையில். கையில் இருப்பதோ பொத்தான் கைப்பேசி. வீட்டுக்கு வரும்போது பணம் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை தங்கைக்குக் காய்ச்சல் கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அப்பா அப்போது நாக்பூரில். கணக்கில் 18,000 ரூபாய் இருந்தது. அம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். ‘கணக்கு உங்க பேர்ல இல்லையேம்மா, அவர் கையெழுத்து வேணும்’ என்று காசாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அம்மா தம் தோட்டை அடகு வைத்து மருத்துவமனைக்குக் கட்டினார். பணம் இருந்தும் வட்டிக்கு வாங்கினோம்.

அப்பா திரும்பியதும், அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. ரகசிய எண்ணை உறையின் மீதே எழுதி வைத்தார்கள். இப்போது வழியில் அவர் கையில் காசில்லை. நம்மில் பல வீடுகளில் நடப்பது இதுதான். ஓர் அட்டை, ஒரு ரகசிய எண், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சில வீடுகளில் பணம் எடுத்துத்தரும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும்.

இதில் உள்ள ஆபத்தை ஒரு வழக்கு காட்டுகிறது. 2013 நவம்பரில் பெங்களூரில், மகப்பேறு விடுப்பில் இருந்த பெண்மணி ஒருவர் தம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து சீட்டு வந்தது, பணம் வரவில்லை. கணக்கிலோ தொகை கழிந்துவிட்டது. ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்தது விதிமீறல் என்று வங்கி கைவிரித்தது. வழக்கு நுகர்வோர் மன்றத்திற்குச் சென்றது. 2018 மே மாதம் மன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. தமக்குத் தாமே எழுதிய காசோலையையோ அதிகாரக் கடிதத்தையோ கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கணவர் என்றாலும் வங்கிக்கு அவர் வேற்றாளே. பிறந்த குழந்தையுடன் இருக்கும் தாய் வேறென்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் விதி அப்படித்தான் நிற்கிறது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையும் இதனோடு பொருந்துகிறது. வாடிக்கையாளர் குற்றமின்றி மூன்றாம் நபரின் மோசடியால் பணம் போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் அவருக்கு இழப்பில்லை என்று அது கூறிற்று. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் முழுதும் வாடிக்கையாளர் தலையிலேயே விழும்.

ஆகவே ஓர் அட்டையைப் பலர் பயன்படுத்துவது பிழை. ஒரு கணக்கில் இருவர் ஆளுக்கோர் அட்டை வைத்திருப்பது முறை. இதற்கு வழி கூட்டுக் கணக்கு. ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கணக்கை அமைத்தால் இருவருக்கும் தனித்தனி அட்டை பெறலாம். ‘இருவரும் சேர்ந்தே’ என்ற முறையில் அமைத்தால் பொதுவாக அட்டை தருவதில்லை. இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையை இயந்திரத்தால் சோதிக்க முடியாதல்லவா? இங்கே இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். வாரிசாக நியமிக்கப்பட்டவர், அதாவது நாமினி, கூட்டுக் கணக்காளர் அல்லர். உரியவர் உயிரோடு உள்ளவரை நாமினிக்கு அக்கணக்கில் ஒரு காசும் எடுக்க உரிமையில்லை, அட்டையும் கிடையாது. மறுபுறம், கூட்டுக் கணக்காளராகச் சேர்ப்பது என்பது முழு உரிமையையும் கொடுப்பதாகும். வயதான தாத்தா பாட்டியிடம் ‘உதவிக்குத்தான்’ என்று சொல்லிப் பெயரைச் சேர்க்கச் சொல்பவர் யார் என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருவர் பெயரிலேயே இருக்கும் கணக்குக்கும் இரண்டாவது அட்டை தரும் வங்கிகள் உண்டு. ஒன்று ரூபே, மற்றொன்று விசா என்பதுபோல. நம் போன்ற மாணவர்களுக்கு இதனால் பயன் குறைவு என்பதே என் கருத்து. ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக் கட்டணமும் அதன்மேல் வரியும் வரக்கூடும். ‘ஒன்றை இணையத்திற்கு மட்டும் வைத்துக்கொள்வேன், பாதுகாப்பாக இருக்கும்’ என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இரண்டு குழாய்களும் ஒரே தொட்டியில்தான் இணைந்திருக்கின்றன. எதன் வழியே கசிந்தாலும் வற்றுவது அதே தொட்டிதான். பாதுகாப்பு வேண்டுமெனில் குறைந்த தொகையுடன் வேறொரு கணக்கே மேல். மேலும், அட்டையே வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. டெபிட் கார்டைக் கட்டாயப்படுத்தித் திணிக்கக் கூடாது என 2022 இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு நெறியுறுத்தியது.

இரண்டு அட்டை இருந்தால் மாதத்தில் கட்டணமின்றிப் பணம் எடுக்கும் முறைகளும் இரட்டிக்கும் என்று சிலர் நினைக்கின்றனர். அம்முறைகள் சேமிப்புக் கணக்கு வைத்திருப்போருக்கென வகுக்கப்பட்டவை, அட்டைக்கென்று அல்ல. எண்ணிக்கை மிஞ்சினால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, வரி நீங்கலாக, வாங்கிக்கொள்ள 2025 மே 1 முதல் இசைவு உண்டு. இருவர் எடுக்கும்போது எண்ணிக்கை விரைவாகத் தீர்ந்துவிடும். இருப்பிலும் கவனம் தேவை. கணக்கில் 6,000 ரூபாய் இருக்கும்போது அப்பா அங்கே 4,000 எடுக்க, அதே நேரத்தில் அம்மா இங்கே 3,000 கேட்டால் என்னாகும்? கணினி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பதிவு செய்யும். யாருடையது நொடிப்பொழுது முந்துகிறதோ அவருக்குப் பணம். மற்றவருக்கு ‘இருப்புப் போதாது’. அதற்கும் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றினோம். முதலில் ‘ஒரு கணக்குக்கு ஒரு கார்டுதான்’ என்றே அங்கும் பதில் வந்தது. மேலாளர் அம்மையார்தான் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். குறுஞ்செய்தி அப்பாவின் கைப்பேசிக்கே போகும்படி இருந்ததால், அம்மா ஐந்நூறு எடுத்தாலும் எங்கோ ஆந்திராவிலிருந்து ‘என்னத்துக்கு எடுத்தே?’ என்று அழைப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு அம்மாவின் எண்ணையும் பதிந்தோம். ரகசிய எண்ணை அவரே இயந்திரத்தில் அமைத்துக்கொண்டார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார், நின்றேன்.

செய்ய விரும்புவோருக்கு: இருவரும் சேர்ந்தே கிளைக்குப் போக வேண்டும். இருவரின் புகைப்படம், ஆதார், பான் அட்டை அல்லது அதற்கு மாற்றான படிவம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாம் நபரின் கைப்பேசி எண்ணையும் அன்றே பதிந்துவிடுவது நல்லது. புதிய அட்டையை நேரிலோ அஞ்சலிலோ தருவார்கள். படிவத்தில் ‘செயல்பாட்டு முறை’ என்றொரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். எங்கள் படிவம் ஒருமுறை திரும்பி வந்தது அதனால்தான்.