செத்த மரபணுவின் தடம்

கேள்வி: வெறும் வைக்கோல் தின்கிற மாட்டுக்கு ஸ்கர்வி வருவதில்லை, வைட்டமின் சி-யை அதன் உடம்பே தயாரித்துக்கொள்கிறதாம். நம் மூதாதைகளுக்கும் அந்தத் திறன் இருந்து பிறகு போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– விலங்கியல் ஆசிரியை, கரூர்

பதில்: அந்த மரபணுவின் மிச்சம் இன்னும் நம் செல்களில் கிடக்கிறது. அதை வைத்துத்தான்.

குளுக்கோஸ் பல படிகளைத் தாண்டி வைட்டமின் சி ஆகிறது. கடைசிப் படியை நடத்தும் என்சைம் குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ்; சுருக்கமாகக் 'கூலோ'. சுறா, தவளை, கோழி, ஆடு என எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வடிவம். தவளைக்கு அது சிறுநீரகத்தில் வேலை செய்கிறது, ஆட்டுக்குக் கல்லீரலில். 1994-இல் ஜப்பானின் நிஷிகிமி குழுவினர், எலியின் கூலோ மரபணுவைக் கையில் வைத்துக்கொண்டு மனித டி.என்.ஏ.வில் அதன் சாயலைத் தேடினார்கள். 8-ஆம் குரோமோசோமில் அகப்பட்டது, சிதைந்த நிலையில். எலியின் கூலோவில் 12 எக்சான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள். நம்முடையதில் பாதிக்கு மேல் காணோம்.

செத்தது எப்போது? இங்கேதான் சுவாரசியம். மரபணுவின் மூன்றெழுத்துக் குறி ஜி-ஜி-ஏ என்றாலும் ஜி-ஜி-சி என்றாலும் புரதத்தில் சேரும் அமினோ அமிலம் கிளைசின்தான். உயிருள்ள மரபணுவில் இப்படிப்பட்ட, புரதத்தைத் தொடாத மாற்றங்களே அதிகம் தங்கும். மற்றவற்றை இயற்கைத் தேர்வு கழித்துவிடும். செத்ததில் கேட்பாரில்லை, எல்லா மாற்றமும் ஒன்றுபோலச் சேரும். அந்தச் சேர்மானத்தைக் கணக்கிட்டால், நம் கிளையில் கூலோ செத்துச் சுமார் 6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. குரங்கு, சிம்பன்சி, மனிதன் எல்லோருக்கும் ஒரே சாவு. கினிப்பன்றியிலும் அது செத்திருக்கிறது. ஆனால் உடைந்த இடங்கள் வேறு, காலமும் மிகப் பிந்தியது. ஆகவே தனிச் சாவு.

உங்கள் ஊர்ப்பக்கம் கடவூர் மலைக்காட்டில் இருக்கும் தேவாங்கும் பிரைமேட்தான். ஆனால் தேவாங்கும் லெமூரும் சேர்ந்த கிளை, இந்தச் சாவுக்கு முன்பே நம்மிடமிருந்து பிரிந்துவிட்டது. அங்கே கூலோ உயிரோடு இருக்கிறது.

மரபணுவைப் படிக்க வழியில்லாத 1958-லேயே கல்கத்தாவின் ராயும் குகாவும், கொண்டைக்குருவிக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் இந்தத் திறன் இல்லை என்று ஆய்வுக்கூடத்தில் கண்டு சொன்னார்கள். அந்த வேலை இன்னும் பேசப்பட வேண்டியது. வௌவால் விஷயம் மட்டும் அத்தனை எளிதல்ல: இரண்டு வகை வௌவால்களில் கூலோ இன்னும் வேலை செய்வதாகச் சீன ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள்.

ஏன் எப்போதும் கூலோவே பலியாகிறது? முந்தைய படிகளின் என்சைம்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. கல்லீரல் நச்சைக் கழிக்கப் பயன்படும் குளுக்குரோனிக் அமிலமும் அதே வழியில்தான் வருகிறது. அவை கெட்டால் உயிருக்கே ஆபத்து. கூலோவின் வேலை வைட்டமின் சி மட்டும். பழமும் தழையும் தாராளமாகக் கிடைத்த விலங்கில் அது கெட்டபோது நஷ்டம் தெரியவில்லை. கப்பலில் மாதக்கணக்கில் உப்புக்கண்டம் தின்ற மாலுமிகளுக்குத்தான் தெரிந்தது.

வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம். அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் எலியின் கூலோ வரிசையை எடுத்து, 'பிளாஸ்ட்' கருவியில் இட்டு, மனித மரபணுத் தொகுப்பில் தேடச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது; 8-ஆம் குரோமோசோமில் மிச்சங்கள் வரிசையாக வந்து நிற்கும்.