சங்கிலியும் மாத்திரையும்

வாசிக்க வேண்டிய பகுதி: மாற்கு 5:1-20



தொட்டியம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து குடிநோயாளிகளை அழைத்து வருகிறவர்கள் எங்களிடம் அதிகமாய்க் கேட்பது இதுதான்: "ஐயா, கட்டிப்போட்டாவது குணமாக்கி அனுப்புங்கள்." வாழைத்தார் விற்ற பணம் வீடு வந்து சேராத குடும்பத்தார் இப்படிக் கேட்பதை நாங்கள் குறைசொல்லமாட்டோம். ஆனாலும் அடக்கி வைப்பது வேறு, வைத்தியம் வேறு.

பூட்டி வைத்தாலே குடி போய்விடும் என்பது ஆபத்தான எண்ணம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து நடுக்கமும், இல்லாததைக் காண்பதும், இடம் நேரம் தெரியாத குழப்பமும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். அப்போது தேவைப்படுவது டயஸிபாம் போன்ற மருந்தும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும், இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸும்தான். (பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும்.)

இன்னொரு கூட்டத்தார், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு மாத்திரை கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பது டைசல்பிரம். மதுவுக்கு எதிரான இதன் குணத்தை 1940-களில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இதைச் சாப்பிட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். இரத்த அழுத்தம் விழுந்து சாகவும் கூடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. விஷயம் அறியாதவர் எப்படிக் காத்துக்கொள்வார்? விஷயம் வெளியானால் மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிடவும் பயப்படுவார். ஆனால் அவரே சம்மதித்து, தினமும் காலையில் மனைவி முன்பாக விழுங்கினால், அதே மாத்திரை நல்ல துணை. கட்டுப்பாடே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதில் அவருக்கும் பங்கு இருக்கவேண்டும் என்கிறோம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. மது, போதையால் வரும் மனப்பாதிப்புகளும் இச்சட்டத்திற்குள் அடங்கும். தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகக் கேட்டால் அனுப்பவேண்டும். பரிசோதிக்கத் தேவைப்பட்டால் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு, தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற காரணமும், இரண்டு நிபுணர்களின் தனித்தனிப் பரிசோதனையும் வேண்டும்; அதுவும் முதலில் 30 நாள்வரைதான்.

இந்தச் சட்டம் நடைமுறையில் கஷ்டம்தான். நான்காம் நாள் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் அழுகிற தாயாருக்குச் சட்டப்பிரிவைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது.

கதரேனர் நாட்டு மனுஷனை ஊரார் சங்கிலியால் கட்டினது பகையினால் அல்ல, வேறு வழி தெரியாமல்தான் என்று நினைக்கிறோம். ஆண்டவர் அவனைச் சுகமாக்கி, தம்மோடு வைத்துக்கொள்ளாமல், வீட்டுக்கு அனுப்பினார். எங்களுக்கும் வேலையில் பெரும்பகுதி அந்த வீட்டில்தான். மறுபடியும் குடித்துவிட்டு வருகிறவரை விதிமீறினவர் என்று துரத்தாமல், நோய் திரும்பினவராகச் சேர்த்துக்கொள்கிறோம்.

உங்கள் சபையார் யாரையாவது ஒரு மையத்துக்கு அனுப்புமுன், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா, இரவில் அழைத்தால் டாக்டர் வருவாரா, குடும்பத்தார் நேரில் பார்க்க விடுவார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.