கிழித்தலும் இடைச்சொல்லும்

பிறமொழி கற்போர் அதன் பெயர்களையும் வினைகளையும் விரைவில் கற்றுவிடுவர், இடைச்சொற்களிடத்தேதான் இடர்ப்படுவர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இவற்றிற்கென இடையியல் என்று தனியோர் இயலே வகுத்தார். இடைச்சொற்கள் தனித்து இயங்காதவை. ஆயினும் பொருளைத் திருப்பும் ஆற்றல் மிக்கவை. இவ்வுண்மை ஆங்கிலத்திற்கும் பொருந்தும். கிழித்தலைக் குறிக்கும் 'டேர்' என்னும் வினையைக் கொண்டு இதனை ஈண்டுக் காண்போம்.

யான் தமிழாசிரியனாய் அமர்ந்த புதிதில், ஏழை மாணவன் ஒருவன் உதவித்தொகைக்குரிய ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொணர்ந்தான். அதன் அடியில் சிறு சீட்டு ஒன்று இணைந்திருந்தது. அனுப்புமுன் அதனை 'டேர் ஆஃப்' செய்க என்று குறிப்பு இருந்தது. 'டேர்' என்றால் கிழித்தல் என்பதை மட்டும் அறிந்த யான், "கிழித்துவிடு, தம்பி" என்றேன். அவன் அதனைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தெறிந்தான். அது பதிவெண் பொறித்த ஒப்புகைச் சீட்டு என்பதும், அதைக் காட்டினாலன்றிப் பணம் கிடையாது என்பதும் பின்னரே தெரிந்தன. அவ்வாண்டு அவனுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. பிழை அவனுடையதன்று; 'ஆஃப்' என்னும் சிறுசொல்லைப் பொருட்படுத்தாத என்னுடையதே. அன்றுமுதல் இச்சொற்களை முறையாகக் கற்கலானேன்.

கிழித்தபின் எஞ்சுவது யாது? இவ்வினாவை எழுப்பின், ஏற்ற இடைச்சொல் பெரும்பாலும் தானே புலப்படும்.

பொருள் முழுவதும் துண்டுதுண்டாகி அழியின் 'டேர் அப்' என்க. இங்கு 'அப்' என்பது மேல் என்னும் தன் பொருளை இழந்து, முற்றும் என்னும் பொருள் தருகிறது. 'கிழித்துவிட்டான்' என்பதில் 'விடு' தன் பொருளை இழந்து துணைவினையாய் நிற்றலை இதனோடு ஒப்பிடுக.

முதற்பொருள் நிற்க, ஓரத்திலோ மேற்புறத்திலோ உள்ள பகுதி மட்டும் பிரியின் 'டேர் ஆஃப்' என்க. நாட்காட்டித் தாளை நாள்தோறும் இவ்வாறே கிழிக்கிறோம். நூலின் உள்ளிருந்து ஒரு தாளைப் பிரித்தெடுப்பின் 'டேர் அவுட்' என்க. தமிழில் 'நாட்காட்டியிலிருந்து', 'நூலிலிருந்து' என இரண்டும் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளில் அடங்கும். ஆங்கிலமோ, மேலிருந்தா உள்ளிருந்தா என்று வினவுகிறது. நம்மவர் இவ்விடத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

சுவரொட்டியைக் கிழித்து வீழ்த்தினால் 'டேர் டவுன்' என்பர். கட்டடத்தை இடிப்பதற்கும் அத்தொடரே வரும். தமிழ் அங்கு வினையையே மாற்றி 'இடித்தான்' என்னும். ஒன்று இரண்டானால் 'டேர் இன் டூ' என்றும், பல துண்டுகளானால் 'டேர் இன்டு பீசஸ்' என்றும் கூறுவர். முன்னதில் 'டூ' இரண்டு என்னும் எண்ணாகும். பின்னதில் 'இன்டு' ஒரே இடைச்சொல்லாகும். ஒலி ஒப்புமையால் மயங்கற்க. கட்டினைப் பிரிக்கப் பற்றி இழுத்தால் 'டேர் அட்' என்பர். இஃது முயற்சியையே குறிக்கும். கட்டு கிழிந்தது என்று உறுதி கூறாது.

சொற்கிடக்கையிலும் விழிப்பு வேண்டும். 'டேர் அப் த லெட்டர்' எனவும், 'டேர் த லெட்டர் அப்' எனவும் கூறலாம். ஆனால் பெயருக்கு மாற்றாக 'இட்' வருங்கால் 'டேர் இட் அப்' என்பதே முறை. 'டேர் அப் இட்' என்பது வழுவாகும்.

வினையை மட்டும் கற்றவன் பாதியே கற்றவன். வினைக்குப் பின் நிற்கும் சிறுசொல்லையும் நோக்கிய பின்னரே கையைத் தாளின்மேல் வைத்தல் வேண்டும்.

பயிற்சி

1. சீட்டை இழந்ததற்குக் காரணமான மொழிப்பிழை யாது?
2. 'ஆஃப்', 'அவுட்' ஆகியவற்றின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. கிழித்தெறிந்தான், கிழித்தெடுத்தான், பிய்த்தான், பிளந்தான் ஆகியவற்றின் பொருள் வேறுபாடு தோன்றத் தனித்தனி வாக்கியம் அமைக்க.