ஊர் மாறினால் பதவி உயர்வு தள்ளிப்போகுமா?

கேள்வி: திருப்புலிவனம் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நான். சென்னைப் பக்கம் மாறுதல் வாங்கினால் பதவி உயர்வு தள்ளிப்போகுமா?

பதில்: போகாது. அரசுக் கல்லூரிக்குள் மாறினால் பணிக்காலம் அறுபடாது. யூஜிசி 2018 விதிப்படி, பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கு ஊதிய நிலை 10-லிருந்து 11-க்கு 4 ஆண்டு, அடுத்து 12-க்கு 5, பிறகு இணைப் பேராசிரியராக 3, ஆகப் பன்னிரண்டு. முதல் படிக்கே 21 நாள் அறிமுகப் பயிற்சிச் (ஓரியன்டேஷன்) சான்று வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். வேறு நிர்வாகத்துக்குப் போவதானால் கதை வேறு: விதியின் நிபந்தனைகள் பொருந்தினால்தான் பழைய சர்வீஸைக் கணக்கில் கேட்க முடியும். கௌரவ விரிவுரையாளராக உழைத்த காலமோ, எவ்வளவு நீண்டதானாலும், சேராது. அநியாயம்தான்!